தொண்ணூறு நொடி

நாற்பது லட்சம் தொலைபேசிகள் ஓட்டுப் போட்டன.
நான் போடவில்லை. அந்தச் சனிக்கிழமை
க்ராய்டனில் ஒரு பல்பொருள் அங்காடித் திறப்பு விழாவில்
முயல் வேடத்தில் இருந்தேன்.

திங்கட்கிழமை ஒத்திகைக்கு வந்தாள் கெல்சி-ஜோ.
க்ரிம்ஸ்பி மீன்கூடத்தில் ஐஸ் அள்ளிய கை,
பின்னாலேயே ஒரு கேமரா.
"இவள்தான் மார்கிட்" என்றார் தயாரிப்பாளர்.
கலங்கரை விளக்கக் காவலன் மகள்,
இரண்டே முக்கால் மணி நேரம், பதினொரு பாட்டு.
அவள் ஒரு வரி படிப்பதற்கு முன்பே
முதல் மூன்று மாத டிக்கெட் விற்றுத் தீர்ந்திருந்தது.

எனக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு.
அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் மார்கிட்.
வராத வரைக்கும்
இரண்டாம் மீனவனின் மனைவி,
திருமணக் காட்சியில் நாற்காலி தூக்கிப் போகிறவள்,
அப்புறம், புயல்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்.
எனக்கு வாய்க்கு எட்டியிருந்தது, பதினொரு பாட்டும்.
கைக்குத்தான்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும், நியாயமாக.
எந்தப் பாட்டையும் தொண்ணூறு நொடிக்குள் கொட்டிவிட
யாரோ பழக்கியிருந்தார்கள்.
முதல் வரி கிசுகிசுப்பு,
நாற்பதாவது நொடியில் கண்ணீர்,
எழுபதில் கூரையைப் பெயர்க்கும் குரல்.
பிறகு கைகளை விரித்து நிற்பாள்,
மதிப்பெண்ணுக்குக் காத்திருப்பவள் போல.
சொல்ல ஆளில்லை.
பாட்டில் இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருக்கும்.
காதலனிடம் பேச வேண்டிய வசனத்தை
கேமராவின் சிவப்புப் புள்ளியைத் தேடித் தேடிச் சொல்வாள்.
எங்கள் அரங்கில் இருட்டில் எரிவது
வெளியே போகும் வழியின் பச்சை மட்டும்.

நவம்பரில் ஒரு வியாழன் அவளுக்குத் தொண்டை கட்டியது.
வாசலில் ஒரு வெள்ளைத் தாள்:
இன்றைய மார்கிட், ரோன்வென் பெவன்.
தொள்ளாயிரம் பேர் சேர்ந்து விடும் பெருமூச்சு
வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமான பேருந்துக்குள் போல.
திரைக்குப் பின்னால் நின்று அதை வாங்கிக்கொண்டேன்.
எண்பத்தாறு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்களாம்.
நார்த்தாம்ப்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம்
அவள் முகம் அச்சிட்ட பனியன்களோடு
அப்படியே உட்கார்ந்திருந்தது.
ரயில் பதினொன்றுக்குத்தான்.

பாடினேன். நன்றாகத்தான் பாடினேன்.
ஒன்பதாவது பாட்டில், அப்பாவின் படகு திரும்பாத இடத்தில்,
'கரை' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பேன்.
இசைத்தாளில் அது கிடையாது.
நான்கு மாதம் குளியலறையிலும் சுரங்க ரயிலிலும்
தேய்த்துத் தேய்த்து
நானே போட்ட ஓட்டை.
அந்த இடத்தில், பனியன் குடும்பத்தில் யாரோ
சாக்லேட் உறை பிரிப்பதை நிறுத்தினார்கள்.

மேல்மாடத்தின் கடைசி வரிசையில்
கம்பளிக் குல்லாய்க்குள் கெல்சி-ஜோ இருந்திருக்கிறாள்.
பக்கத்து இருக்கைக்காரர்
அவள் வராததைப் பற்றி
அவளிடமே குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒப்பனை அறைக்கு வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை.
பேசக் கூடாதென்று மருத்துவர் உத்தரவு.
காகிதக் கைக்குட்டையில் என் கண்மைப் பென்சிலால் எழுதினாள்:
'கரை'க்கு முன்னாடி அந்த மூச்சு. எடுத்துக்கிறேன்.
கேள்விக்குறி இல்லை.

எடுத்துக்கொண்டாள்.
அடுத்த செவ்வாய்
இடிக்கான தகரத்தைப் பிடித்தபடி
பக்கவாட்டு இருட்டில் நின்றிருந்தேன்.
தொண்ணூறாவது நொடி வந்தது, போனது.
அவள் கையை விரிக்கவில்லை.
பிறகு என் மூச்சு, அவள் வாயில்.
இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமவில்லை.
ஒரு நாளிதழ் பின்னால் எழுதியது,
பயிற்சியால் வராத மூச்சு அது என்று.

அன்று தகரத்தை ஒரு நொடி தாமதமாக ஆட்டினேன்.
மின்னல் அடித்து முடிந்து, எல்லாரும் நனைந்த பிறகு
விழுந்தது இடி.
மேடை மேலாளர் குறிப்பேட்டில் பதிந்தாள்:
புயல், கவனம் போதாது.